ஆஃப் சீசனில் எகிப்து

ஊட்டிக்காரர்கள் மே மாதத்தில் எங்கேயும் போக மாட்டோம். கூடப்பிறந்தவன் கல்யாணமாகவே இருந்தாலும், "சீசன்ல வெச்சிருக்கானே" என்று முணுமுணுத்துக்கொண்டே மலையிறங்கி, முகூர்த்தத்துக்குத் தலையைக் காட்டிவிட்டு, அன்று மாலையே மலையேறிவிடுகிற ஆட்கள் நாங்கள். கோயம்புத்தூரிலும் ஈரோட்டிலும் இருக்கிற சொந்தக்காரர்கள் இதைப் புரிந்துகொண்டார்கள். புரியாத சிலர் மே மாதத்தில் குடும்பத்தோடு எங்கள் வீட்டிலேயே வந்து இறங்குவார்கள். ரூம் காலியில்லை என்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். அவர்களை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

எங்களுக்கு இருப்பது நான்கே ரூம். வீட்டை ஒட்டிச் சரிவில் மேலும் கீழுமாகக் கட்டியவை. ஒரு ரூமிலிருந்து இன்னொன்றுக்குப் போகப் படியேற வேண்டும், இல்லையென்றால் படியிறங்க வேண்டும். வெளியே போர்டில் காட்டேஜ் என்று எழுதியிருக்கிறது. நானும் என் வீட்டுக்காரரும் சேர்ந்து நடத்துகிறோம் என்று சொல்லிக்கொள்வோம். விரிப்பு மாற்றுவது, வெந்நீர் வாளி தூக்குவது, தண்ணீர் லாரிக்காரனோடு மல்லுக்கு நிற்பது எல்லாம் நான். ஃபோன் எடுத்துப் பேசுவது அவர்.

அந்த ஒரு வேலையையும் அவரிடம் கொடுத்தது தப்போ என்று எனக்குப் பலமுறை தோன்றியிருக்கிறது. ஜூலையில் யாராவது கூப்பிட்டு, சார், அடுத்த வாரம் வரலாமா என்று கேட்டால், எங்கள் தெருவில் ரூம் வைத்திருக்கிற மற்றவர்கள், லேசான சாரல்தான் சார், கிளைமேட் சூப்பர் என்பார்கள். இவர் சொல்வார்: "ஏனுங்க, இப்ப வராதீங்க. எதுத்தாப்பல இருக்கிற மலை கூடத் தெரியாதுங்க. செப்டம்பர் தாண்டட்டும்." அந்தப் பக்கம் இருக்கிறவர் ரொம்ப நன்றி சார் என்று வைத்துவிடுவார். நன்றியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய. ரூம் பூட்டியே கிடக்கும், சுவரில் ஓதம் ஏறும். ஏன் இப்படி வருகிறவரைத் துரத்துகிறீர்கள் என்று கேட்டால், வந்து ஏமாந்து நம்மைத் திட்டிக்கொண்டு போவதற்கு வராமலே இருக்கலாம் என்பார். அவருக்கு அது நேர்மை. எனக்கு அது வியாபாரம் தெரியாத தன்மை. இந்தச் சண்டை எங்கள் வீட்டில் மழைக்காலம் தவறாமல் நடக்கும்.

இனி எகிப்துக்கு வருகிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது குன்னூர். அப்பா தேயிலை ஏலக் கம்பெனி ஒன்றில் குமாஸ்தா. மழை பிடித்தால் எங்கள் பள்ளிக்கூட யூனிஃபார்ம் காயவே காயாது. அம்மா அடுப்புக்கு மேலே கயிறு கட்டிப் போடுவாள். அதனால் வகுப்பில் பாதிப் பேர் மேல் புகை வாசம் அடிக்கும், மீதிப் பேர் மேல் ஈர வாசம் அடிக்கும். அப்படி ஒரு மழைக்காலத்தில்தான் வரலாற்றுப் புத்தகத்தில் அந்தப் படத்தைப் பார்த்தேன். பின்னால் ஒரு பிரமிடு. முன்னால் ஒட்டகத்தோடு ஒரு ஆள். என்னைப் பிடித்தது பிரமிடு இல்லை, அந்த ஆள் நின்றிருந்த மணல். அவ்வளவு பெரிய இடம், அதில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. காலில் ஈர சாக்ஸோடு உட்கார்ந்து, அந்த ஊருக்கு ஒரு நாள் போயே தீருவது என்று முடிவு செய்துகொண்டேன்.

பிரமிடு மேல் ஆசை பிறகு வந்தது. ஆசை வளர்ந்து, ராஜாக்கள் பெயர், அவர்களுக்குள் யார் யாருக்கு என்ன உறவு, யார் கல்லறையை யார் திருடினான் என்பதெல்லாம் தெரிந்துகொண்டேன். என் வீட்டுக்காரர் பக்கத்து உறவுமுறைகளை நான் இந்த அளவுக்குத் தெரிந்து வைத்ததில்லை என்று என் நாத்தனாருக்கு ஒரு வருத்தம் உண்டு.

கல்யாணமான புதிதிலேயே அவரிடம் சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "போலாம், ரெண்டு பேரும் சேர்ந்து போலாம்" என்றார். எனக்கு அவரை மிகவும் பிடித்துப்போனது அந்தப் பதிலால்தான். அதன் பிறகு எத்தனை முறை கேட்டாலும் அதே பதில்தான் வந்தது. ஒருமுறை கூட வேண்டாம் என்று சொன்னதில்லை. சீசன் முடியட்டும் போலாம். சீசன் முடிந்தால் மழை, ஓடு ஒழுகும், பின்பக்கத்து மண்சுவரைப் பார்க்க வேண்டும், மழை விடட்டும் போலாம். மழை விட்டால் ஆயுத பூஜை லீவுக்குக் கூட்டம் வரும். அது முடிந்தால் உறைபனி, பைப் உறைந்து வெடிக்கும். பைப்பைச் சரிசெய்து முடிக்கும்போது அடுத்த சீசன் வந்து வாசலில் நிற்கும். நடுவில் மகள் படித்தாள், அவளுக்குக் கல்யாணம் செய்தோம். இரண்டு பேரும் பாஸ்போர்ட் எடுத்தோம். அது ஒரு முத்திரை கூட விழாமல் காலாவதியாகி, மறுபடியும் எடுத்தோம். புதிய பாஸ்போர்ட்டில் எங்கள் இருவர் போட்டோவும் வயதாகிப் போயிருந்தது. உள்ளே பக்கங்கள் மட்டும் அப்படியே இருந்தன.

போன பனிக்காலத்தில் என் முட்டிவலி அதிகமானது. படியில் இறங்கும்போது கைப்பிடியைப் பிடிக்காமல் இறங்க முடியவில்லை. எனக்குக் கோபம் வந்தது. வலி மேல் ஒரு கோபம், அவருடைய "போலாம்" மேல் அதைவிடப் பெரிய கோபம். பெங்களூரில் இருக்கிற மகளைக் கூப்பிட்டு, எகிப்துக்கு எந்த மாதம் போனால் மலிவு என்று பார்க்கச் சொன்னேன். அவள் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு, ஜூன் பாதியிலிருந்து ஆகஸ்ட் வரை டிக்கெட், ரூம் எல்லாமே பாதிக்குப் பாதி இறங்கிவிடுகிறது, அங்கே அது ஆஃப் சீசன் என்றாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஜூலை எங்களுக்கும் ஆஃப் சீசன். ரூமைப் பூட்டிவிட்டுப் போனால் யாரும் கேட்கப்போவதில்லை. இவ்வளவு காலம் இதை யாரும் யோசிக்கவில்லையே என்று எல்லார் மேலும் எரிச்சல் வந்தது, என் மேலும் சேர்த்து.

அன்றே வேலையைத் தொடங்கிவிட்டேன். ஆஃப் சீசனில் பயணம் போவது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. என் பிழைப்பே அதுதானே. ஆஃப் சீசனில் ரூம்காரன் சொல்கிற முதல் விலைக்குச் சரி என்று சொல்லக்கூடாது. முன்பணம் முழுதும் கொடுக்கக்கூடாது. வேலையாட்களில் பாதிப் பேர் ஊருக்குப் போயிருப்பார்கள், அதனால் சாப்பாடு உண்டா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். எடுத்துவைக்க வேண்டிய சாமான்களையும் யோசித்துவிட்டேன். இரண்டு குடை, ரெயின்கோட், ஈரமானால் மாற்ற இரண்டு ஜோடிச் செருப்பு, ஆளுக்கு ஒரு ஸ்வெட்டர். மகளிடம் ஃபோனில் இதையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன். "மழைதான, பேஞ்சா பேஞ்சுட்டுப் போகுது கண்ணு. நாங்க பாக்காத மழையா" என்றேன்.

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்து முடிக்க நேரமாயிற்று. அங்கே ஜூலையில் மழை கிடையாது, வருஷம் முழுக்கவே கிடையாது, வெயில் கொளுத்துவதால்தான் ஆஃப் சீசன், கோயம்புத்தூர் மே மாதத்தைவிட மோசம் என்றாள்.

ஃபோனைக் கையில் வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். ஒரு சொட்டு ஈரம் இல்லாத ஊர் என்றுதான் இத்தனை வருஷமாக அதன் மேல் ஆசை வைத்திருந்தேன். அந்த ஊருக்குக் குடை கொண்டுபோகப் பார்த்திருக்கிறேன். ஆஃப் சீசன் என்ற வார்த்தையைக் கேட்டதுமே எனக்கு மழைதான் வரும். நாட்டுக்கு நாடு அது மாறும் என்று ஒரு நிமிஷம் கூடத் தோன்றவில்லை. பிறந்ததிலிருந்து ஒரே மலையின் மழையை வைத்து உலகத்தை அளந்தால் இப்படித்தான் ஆகும். அவரிடம் சொன்னபோது, அவரும் மழை என்றுதான் நினைத்திருந்தார் என்று தெரிந்தது. அதில் எனக்கு ஒரு ஆறுதல்.

வெயில் என்றால் எங்களுக்கு என்னவென்று தெரியாது என்றில்லை. தெரியும், அதனால்தான் பயம். என் வீட்டுக்காரர் மேட்டுப்பாளையம் இறங்கியதும் சட்டையின் மேல் பட்டனைக் கழற்றுவார். காரமடை தாண்டினால் பேச்சை நிறுத்திவிடுவார். கோயம்புத்தூரில் ஒரு வேலை என்றால் விடிவதற்குள் போய் மதியத்துக்குள் திரும்பிவிடுவார். இருந்தும் வெயில் விஷயம் தெரிந்த பிறகு, "பாக்கலாம், போலாம்" என்றுதான் சொன்னார்.

மே மாதம் சீசன் உச்சத்தில் இருக்கும்போது என் முட்டி வீங்கி மடக்க முடியாமல் போனது. சீசனில் மட்டும் கூடமாட வேலைக்கு வருகிற ஒரு அம்மாவிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு, கோயம்புத்தூரில் எலும்பு டாக்டரைப் பார்க்க வாடகைக் காரில் கிளம்பினோம். சீசனில் இறங்குகிற வண்டிகளைக் கோத்தகிரி வழியாக விடுகிறார்கள், அந்த வழியே சுற்றிக்கொண்டு போனோம். குன்னூர் வழி மலைப்பாதையில் உலகமே ஊட்டிக்கு ஏறிக்கொண்டிருந்த நேரம். நாங்கள் இரண்டு பேர் மட்டும் வெயிலைத் தேடி இறங்கிக்கொண்டிருந்தோம்.

டாக்டர் நல்ல மனிதர், சுற்றி வளைக்கவில்லை. இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டது, ஒன்றை இந்த வருஷம் முடிவதற்குள் மாற்றியாக வேண்டும், ஊசி போட்டால் ஐப்பசி வரை தள்ளலாம் என்றார். அது ஆறி நடந்து பழகியதும் மற்ற முட்டி. எல்லாம் முடிந்து முழுசாக நடமாட எவ்வளவு காலம் ஆகும் என்று கேட்டேன். ஆளைப் பொறுத்தது, வயதும் இருக்கிறதே என்றார். ஜூலையில் ஒரு பயணம் போகலாமா என்று கேட்டேன். ஊசி போட்டுக்கொண்டு போகலாம், மெதுவாக நடக்க வேண்டும் என்றார். அவர் சொன்னதில் எனக்குக் காதில் விழுந்தது இது ஒன்றுதான். இந்த ஜூலை, இல்லையென்றால் எப்போது என்று யாருக்கும் தெரியாது.

ஆஸ்பத்திரியிலிருந்து சாப்பிட மெஸ்ஸுக்குப் போக என் வீட்டுக்காரர் ஆட்டோ பிடிக்கப் போனார். நான்தான் வேண்டாம் என்றேன். இரண்டு தெருதான், மதிய வெயிலில் நடந்து பார்ப்போம், இது தாங்கவில்லை என்றால் அங்கே எப்படித் தாங்கும் என்றேன். அவரும் வீம்புக்கு நடந்தார். நான் ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தேன், வியர்வை முதுகில் ஓடியது, ஆனால் தாங்க முடிந்தது. உள்ளுக்குள் ஒரு உற்சாகம் கூட வந்தது. திரும்பிப் பார்த்தால் அவரைக் காணோம். ஒரு பெட்டிக்கடை நிழலில் உட்கார்ந்திருந்தார், முகம் வெளுத்திருந்தது. கண்ணை இருட்டுகிறது என்றார். கடைக்காரர் ஒரு சோடாவை உடைத்துக் கையில் கொடுத்துவிட்டு, தலையில் தண்ணீர் தெளித்தார். நான் என் முட்டியின் எக்ஸ்ரே கவரால் அவருக்கு விசிறினேன். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்ட கடைக்காரர், ஊட்டி என்றதும் எங்களை ஒரு மாதிரி பார்த்தார். மே மாதத்தில் ஊட்டியை விட்டுவிட்டு இங்கே வந்து மயங்கி விழுகிறவர்களை அவர் அதற்கு முன் பார்த்திருக்க மாட்டார்.

வீடு திரும்புகிற வழியில், வண்டி குன்னூரை நெருங்கிக் காற்று குளிர்ந்த பிறகுதான் அவர் வாயைத் திறந்தார். மதிய நேரத்தில் வெளியே போகாமல் இருந்தால் சரியாகிவிடும் என்றார். அவரை அப்படிப் பார்த்தது எனக்குப் பயமாக இருந்தது. அந்தப் பயத்தோடு, போச்சு, இதுவும் போச்சு என்று ஒரு ஆத்திரமும் சேர்ந்துகொண்டது. எது அதிகம் என்று கேட்டால் சொல்ல வெட்கமாக இருக்கும்.

இதற்குள் மகள் கெய்ரோ பக்கத்தில் ஒரு சின்ன விடுதியைக் கண்டுபிடித்திருந்தாள். எங்களைப் போலவே சில ரூம்கள் மட்டும் வைத்து ஒரு குடும்பம் நடத்துவது. மொட்டைமாடியில் நின்றால் பிரமிடு தெரியும் என்று படம் போட்டிருந்தார்கள். அந்த ஆளிடம் விலை பேசுவதை என் வீட்டுக்காரர் தன் கையில் எடுத்துக்கொண்டார். ரூம்காரனிடம் ரூம்காரன்தான் பேச வேண்டும் என்றார். அவருக்கு வேலைக்கு உதவுகிற அளவு இங்கிலீஷ் உண்டு. அந்த ஆளுக்கும் அதே அளவுதான் இருந்தது போல, அதனால் இரண்டு பேரும் நன்றாகப் புரிந்துகொண்டார்கள். காலையில் இவர் ஒன்று அனுப்புவார், மாலையில் அவர் ரோஜாப்பூ படத்தோடு பதில் போடுவார். விலை இறங்கிக்கொண்டே வந்தது. ஜூலை எப்படி இருக்கும் என்று கேட்டதற்கு, கிளைமேட் நல்லா இருக்கும் பிரதர், கொஞ்சம் வெயில், அவ்வளவுதான் என்று பதில் வந்தது.

அதைப் படித்துவிட்டு அவர் சிரித்தார். லேசான சாரல்தான் சார் என்கிற ஆட்களை எங்கள் தெருவிலேயே தினமும் பார்ப்பவராயிற்றே. பிறகு ஒரு கேள்வி அனுப்பினார். எனக்கு அந்தக் கேள்வியைக் கேட்கத் தோன்றியிருக்காது. "ஜூலைல நீங்க எங்க தூங்குவீங்க?" என்று கேட்டிருந்தார்.

அன்று பதில் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. வந்தபோது ரோஜாப்பூ இல்லாமல் நீளமாக வந்தது. நான் மொட்டைமாடியில் தூங்குவேன் பிரதர், மனைவியையும் பிள்ளைகளையும் கடலோரத்தில் இருக்கிற மாமியார் ஊருக்கு அனுப்பிவிடுவேன், பகலில் வெளியே தலைகாட்ட முடியாது, நீங்களும் இந்தத் தொழிலில் இருப்பதால் சொல்கிறேன், ஜூலையில் வராதீர்கள், நவம்பரில் வாருங்கள்.

என் வீட்டுக்காரர் அதை எனக்குப் படித்துக் காட்டியபோது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வது. கடல் தாண்டி ஒரு கூடப்பிறந்தவனைக் கண்டுபிடித்துவிட்டார். "பாத்தியா, எவ்ளோ நல்ல மனுசன்" என்றார். நவம்பரில் டிக்கெட் எங்கள் கைக்கு எட்டாது என்பதும், நவம்பரில் நான் ஆஸ்பத்திரியில் கிடப்பேன் என்பதும் அந்த நல்ல மனிதர்கள் இருவரின் கவனத்துக்கும் வரவில்லை.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு பேச்சு வந்தது என்று தெரியவில்லை. மதுரையிலிருந்து ஜூஸ் கடைக்காரர் ஒருவர் வந்தாரே, நினைவிருக்கிறதா என்று கேட்டேன். சில வருஷங்களுக்கு முன் ஒரு ஜூலையில் வந்தவர் அவர். வராதீர்கள் என்று இவர் ஃபோனில் திரும்பத் திரும்பச் சொல்லியும் மனைவியோடு வந்து இறங்கிவிட்டார். இருந்த நாளெல்லாம் மழை. தொட்டபெட்டாவுக்குப் போய், வெள்ளைத்துணி கட்டிய மாதிரி மூடியிருந்த பனியைப் பார்த்துவிட்டு வந்தார்கள். கரண்ட் போனது. கூடுதலாக ஒரு கம்பளி கேட்டு வாங்கி, இரண்டு பேரும் ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தபடி மழையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். கிளம்பும்போது இவர் அவரிடம், நான்தான் அப்போதே சொன்னேனே என்று வருத்தப்பட்டார். அதற்கு அந்த ஆள், ஊரே ஊட்டிக்குப் போகிற மாதத்தில்தான் எங்கள் கடை ஓடும், அப்போது கடையை விட்டு அசைய முடியாது என்று சொல்லிவிட்டு, எங்களுக்கு வாய்த்த ஊட்டி இதுதான் என்றார். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, நல்லா இருந்துச்சு என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் பொய் சொல்லவில்லை.

"அவங்க ஏமாந்தா போனாங்க?" என்று கேட்டேன். "சீசன்ல வர்றவங்களுக்கு ஆயிரம் ஊரு இருக்குதுங்க. ஜூலைல வர்றவங்களுக்கு வேற மாசம் இல்ல. எனக்கு வாய்ச்ச எகிப்து ஜூலைலதான் இருக்குது. நல்லா இருக்குமா இருக்காதான்னு நான் உங்களக் கேக்கல."

அவர் ஃபோனை மேசை மேல் வைத்துவிட்டு எழுந்து போனார். கோபமில்லை. அவருக்குக் கோபம் வந்தால் கதவு சத்தம் கேட்கும், அன்று கேட்கவில்லை. அடுத்த சில நாட்கள் சீசனின் கடைசிக் கூட்டத்தில் கழிந்தன. வந்தவர்களுக்கு வெந்நீர், போனவர்களுக்குக் கணக்கு. நாங்கள் இரண்டு பேரும் ரூம் விஷயம் மட்டும் பேசிக்கொண்டோம். நானும் இறங்கிப் போகவில்லை. இத்தனை வருஷம் இறங்கிப் போனதெல்லாம் போதும் என்றிருந்தது.

பள்ளிக்கூடங்கள் திறந்து கூட்டம் வடிந்தது. ஒரு நாள் காலை மழை பிடித்துக்கொண்டது. கடைசி ரூமின் விரிப்பை உருவிக்கொண்டிருந்தேன். அவர் வந்து விரிப்பின் மறுமுனையைப் பிடித்தார். சாதாரணமாக அந்த வேலைக்கு வர மாட்டார். இரண்டு பேரும் சேர்ந்து மடித்தோம். மடித்து முடித்ததும், மகளைக் கூப்பிட்டு டிக்கெட் போடச் சொல் என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்து, ஒன்று போதும் என்றார்.

கலங்கிய கண் அப்படியே காய்ந்துவிட்டது. சேர்ந்து போலாம், சேர்ந்து போலாம் என்று என் வயசெல்லாம் காத்திருக்க வைத்தது எதற்கு என்று கேட்டேன். இன்னும் நிறையக் கேட்டேன், எல்லாவற்றையும் இங்கே எழுத முடியாது. அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது பேசினார்.

"நான் வந்தா என்ன ஆகும்னு உனக்கே தெரியும். வெயில்ல ஒரு நாள் தாங்க மாட்டேன், ரூம்ல படுத்துக்குவேன். நீ ஈரத்துணிய வெச்சுட்டுப் பக்கத்துல உக்காந்திருப்ப. நான் போயிட்டு வான்னு சொன்னாலும் போக மாட்ட. பிரமிடு எங்கீங்க போகுது, இன்னொரு நாள் பாத்துக்கலாம்னு சொல்லுவ. அப்படியே திரும்பி வந்துருவோம்."

அவர் சொன்னது அத்தனையும் நடக்கும். அந்த ரூம், அந்த ஈரத்துணி, நான் சொல்லப்போகிற பொய், எல்லாமே எனக்குக் கண்முன்னால் தெரிந்தது. என்னைப் பற்றி இவ்வளவு தெரிந்து வைத்திருக்கிற மனுஷன், அதை ஒரு வார்த்தை சொல்லாமல் இத்தனை காலம் போலாம் போலாம் என்று இழுத்தடித்திருக்கிறார். அதையும் கேட்டேன். தனியாகப் போய்விட்டு வா என்று சின்ன வயசிலேயே சொல்லியிருந்தால் முட்டி நன்றாக இருக்கும்போதே போயிருப்பேனே என்றேன்.

"அப்ப சொல்லியிருந்தா நீ போயிருக்க மாட்ட" என்றார்.

மகளுக்கு ஃபோன் போட்டேன். ஸ்பீக்கரில் வைத்தேன். தனியாகப் போவது பற்றி அவள் கொஞ்சம் கவலைப்பட்டாள், பிறகு அவளே சமாதானமாகி, ஏர்போர்ட்டிலிருந்து விடுதிக்காரரே வந்து கூட்டிப்போகிற மாதிரி ஏற்பாடு செய்துவிடலாம் என்றாள். அதிகாலையில் வெளியே போய்விட்டு வெயில் ஏறுவதற்குள் ரூமுக்கு வந்துவிட வேண்டும் என்று எனக்குக் கட்டளை போட்டாள். சரி சரி என்றேன். பின்னணியில் அவள் தட்டுகிற சத்தம் கேட்டது. தேதி கேட்டாள், சொன்னேன். ஜன்னல் பக்கத்து சீட் வேண்டுமா என்று கேட்டாள், வேண்டும் என்றேன். எத்தனை பேர் என்று கட்டத்தில் போட வேண்டும், ஒன்றுதானே, நிச்சயமாகவா என்று கடைசியாக ஒருமுறை கேட்டாள்.

"ஒருத்தர்தான்" என்றேன்.

சொன்னதும் பயம் வரும், அல்லது அழுகை வரும் என்று நினைத்திருந்தேன். இரண்டும் வரவில்லை. சந்தோஷம் வந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவர் இல்லாத ஒரு விஷயத்துக்கு நான் இப்படிச் சந்தோஷப்பட்டதில்லை. அவர் எதிரே உட்கார்ந்திருக்கும்போது அது கூடாது என்று தெரிந்தும் என் முகம் என் பேச்சைக் கேட்கவில்லை, சிரித்துக்கொண்டே இருந்தது. மடித்த விரிப்பை மடியில் வைத்துக்கொண்டு அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பவே சொல்லியிருக்கலாம் போல" என்றார்.